கரண்ட் போய் வந்தாலும் கான்ஃபிக் நிற்க வேண்டும்: வேலூர்ப் பக்கம் நெட்வொர்க் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

வேலூரில் நெட்வொர்க் வேலை கற்றுக்கொண்டு வெளியே வருகிறவர்களுக்கு முதலில் அமைகிற இடங்கள் பெரும்பாலும் இரண்டு. சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகள் ஒன்று. ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளும் ஷூ கம்பெனிகளும் இன்னொன்று. இரண்டு இடத்திலிருந்தும் ஒரே மாதிரிப் போன் வரும். "தம்பி, நேத்து நீ பண்ணிட்டுப் போனது நல்லாத்தான் ஓடிச்சு. ராத்திரி கரண்ட் போய் வந்துச்சு. இப்ப ஒரு ரூமுக்கும் நெட் வரல."

இப்படி வருகிற போன்களில் பாதிக்கு மேல் சாதனம் கெட்டுப்போயிருக்காது. நீங்கள் செய்த மாற்றம் சாதனத்தின் தற்காலிக நினைவில் மட்டும் இருந்திருக்கும். கரண்ட் போனதும் அதுவும் போயிருக்கும். சாதனம் கடைசியாகச் சேமித்து வைத்த பழைய கான்ஃபிக்கோடு, அதாவது அமைப்பு விவரங்களோடு, எழுந்திருக்கும், அல்லது ஒன்றுமே இல்லாமல் வெறுமையாக எழுந்திருக்கும். அதனால்தான் இந்த வேலையில் நான் ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருக்கிறேன்: பவர் வயரைப் பிடுங்கித் திரும்பச் சொருகிப் பார்க்காத வரை வேலை முடிந்ததாகக் கணக்கு இல்லை. கீழே வருகிற எல்லாம் அந்த ஒரு சோதனைக்கான தயாரிப்புதான்.

ஒரு குறிப்பு. கட்டளைகளை ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். சாதனத்தில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். நடுவில் சிறு கோடு போட்டிருக்கிற இடத்தில் கோடு, இடைவெளி விட்டிருக்கிற இடத்தில் இடைவெளி.

சிட்டையும் பேரேடும்

லாங் பஜார் மொத்தக் கடைகளில் அன்றாட வரவு செலவைச் சிட்டையில் குறித்துவிட்டு, சாவகாசமாகப் பேரேட்டில் ஏற்றுகிற பழக்கம் உண்டு. சிஸ்கோ ரவுட்டரும் ஸ்விட்சும் அப்படித்தான் வேலை செய்கின்றன. நீங்கள் அடிக்கிற ஒவ்வொரு கட்டளையும் உடனே ராம் நினைவகத்தில் உள்ள ரன்னிங்-கான்ஃபிக்கில் ஏறிவிடும், அந்த நொடியே அமலுக்கும் வந்துவிடும். ஸ்டார்ட்அப்-கான்ஃபிக் என்பது என்விராம் எனப்படும் அழியாத நினைவகத்தில் இருக்கிறது. நீங்களாக ஏற்றினால் ஒழிய முதலாவதில் செய்த மாற்றம் இரண்டாவதுக்குப் போகாது.

பவர் வந்ததும் நடப்பதை ஒரு முறை மனதில் ஓட்டிப் பாருங்கள். முதலில் ரோமில் உள்ள சிறு நிரல் எழுந்து வன்பொருளைச் சோதிக்கும். அப்புறம் ஃபிளாஷ் நினைவகத்திலிருந்து ஐஓஎஸ் என்ற இயங்குதளத்தை எடுத்து ஏற்றும். ஐஓஎஸ் எழுந்ததும் என்விராமில் ஸ்டார்ட்அப்-கான்ஃபிக் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அதை ராமுக்குள் எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கும். இல்லையென்றால் நெட்வொர்க்கில் யாராவது கான்ஃபிக் தருவார்களா என்று தேடும். கூடவே கன்சோலில் (சாதனத்தோடு நேரடியாகக் கேபிளில் இணைத்துப் பார்க்கிற திரையில்) "ஆரம்ப அமைப்பைக் கேள்வி பதிலாகச் செய்யலாமா, எஸ்ஸா நோவா" என்று கேட்கும்; எதுவும் கிடைக்காவிட்டால் அங்கேயே நின்றுவிடும். ஒரு சாதனம் எழுந்து வந்தபின் என்ன நிலையில் நிற்கிறது என்பதை வைத்தே, இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி விட்டுப்போனது என்று சொல்லிவிடலாம்.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு லேப்டாப், ஒரு கன்சோல் கேபிள், புட்டி போன்ற ஒரு டெர்மினல் மென்பொருள். சிஸ்கோவோடு வரும் வெளிர்நீலத் தட்டைக் கேபிளின் ஒரு முனை பழைய சீரியல் போர்ட்டுக்கானது. இன்றைய லேப்டாப்பில் அது கிடையாது. யுஎஸ்பியிலேயே முடிகிற கன்சோல் கேபிளாக வாங்கிவிடுங்கள். விலை மலிவான கேபிள்களில் போலிச் சிப் இருந்தால் விண்டோஸில் டிரைவர் மக்கர் பண்ணும். எஃப்டிடிஐ சிப் உள்ளது கொஞ்சம் விலை கூட, ஆனால் தோல் தொழிற்சாலையின் வெக்கையில் நின்றுகொண்டு டிரைவர் தேடுகிற அவஸ்தை இருக்காது.

டெர்மினலில் வேகம் 9600, டேட்டா பிட் 8, பாரிட்டி இல்லை, ஸ்டாப் பிட் 1, ஃப்ளோ கன்ட்ரோல் இல்லை. இதைத் தவறாக வைத்தால் திரையில் குப்பை எழுத்துகள் வரும், அல்லது எதுவும் வராது. வைஃபை வழியாகவோ டெல்நெட், எஸ்எஸ்ஹெச் வழியாகவோ மட்டும் வேலை செய்து பழகியவர்கள் கன்சோலைத் தவிர்ப்பார்கள். தவிர்க்காதீர்கள். சாதனம் எழும்போது சொல்கிற முக்கியமான வார்த்தைகளெல்லாம் கன்சோலில்தான் வரும்.

சிஸ்கோவில் சேமிப்பது

"எனேபிள்" அடித்து உள்ளே போங்கள். மாற்றங்களைச் செய்து முடித்ததும் "எண்ட்" அடித்து கான்ஃபிக் நிலையிலிருந்து வெளியே வாருங்கள். பிறகு "காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்". எந்தப் பெயரில் சேமிக்க என்று கேட்கும், அடைப்புக்குள் ஸ்டார்ட்அப்-கான்ஃபிக் என்றே காட்டும். வெறும் என்டர் தட்டினால் போதும். கடைசியில் "ஓகே" என்று வர வேண்டும். பழைய ஆட்கள் "ரைட் மெமரி" என்று அடிப்பார்கள், அதற்கும் இதே பலன்தான். "ரைட் எரேஸ்" மட்டும் அடித்துவிடாதீர்கள். அது பேரேட்டையே கிழித்துப் போடுவது.

சேமித்தபின் "ஷோ ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்" அடித்துக் கண்ணால் பாருங்கள். முதல் வரியில் மொத்தம் இத்தனை பைட்டில் இத்தனை பைட் பயன்பாட்டில் இருக்கிறது என்று வரும். "ஸ்டார்ட்அப்-கான்ஃபிக் இஸ் நாட் பிரசென்ட்" என்று வந்தால் உள்ளே ஒன்றும் இல்லை. உங்களுக்கு முன்னால் வேறு ஒருவர் வேலை செய்த சாதனம் என்றால் "ஷோ ரன்னிங்-கான்ஃபிக்" அடித்து மேல்பகுதியைப் பாருங்கள். சாதனத்தின் கடிகாரம் சரியாக இருந்தால், கடைசியாக மாற்றம் செய்த நேரமும் கடைசியாக என்விராமில் எழுதிய நேரமும் தனித்தனி வரியாக இருக்கும். மாற்றிய நேரம் பிந்தியதாக இருந்தால் யாரோ மாற்றிவிட்டுச் சேமிக்காமல் போயிருக்கிறார்கள். என்ன மாறியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் நீங்களும் சேமித்துவிடக் கூடாது. "ஷோ ஆர்க்கைவ் கான்ஃபிக் டிஃபரன்சஸ்" என்ற கட்டளை இரண்டையும் ஒப்பிட்டு வித்தியாசமான வரிகளை மட்டும் காட்டும்.

சேமிக்காமல் விடுவதிலும் ஒரு சௌகரியம் இருக்கிறது. காட்பாடியில் உட்கார்ந்துகொண்டு வாணியம்பாடியில் இருக்கிற ரவுட்டரில் மாற்றம் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வரி தப்பினால் உங்களுக்கே கதவு அடைபட்டுவிடும், பஸ் ஏற வேண்டியதுதான். அதனால் முதலில் இப்போது நன்றாக ஓடுகிற கான்ஃபிக்கைச் சேமித்துவிடுங்கள். பிறகு "ரீலோட் இன் 10" அடியுங்கள். பத்து நிமிடத்தில் ரவுட்டர் தானாக மறுதொடக்கம் ஆகும் என்று அர்த்தம். இப்போது மாற்றத்தைச் செய்யுங்கள், ஆனால் சேமிக்காதீர்கள். தொடர்பு அறுந்துபோனால் கையைக் கட்டிக்கொண்டு காத்திருங்கள். ரவுட்டர் விழுந்து எழுந்து பழைய கான்ஃபிக்கோடு வந்துவிடும். எல்லாம் சரியாக இருந்தால் மறக்காமல் "ரீலோட் கேன்சல்" அடித்து, அதன்பின் சேமியுங்கள். ஜூனிப்பர் கம்பெனிச் சாதனங்களில் இதையே "கமிட் கன்ஃபர்ம்ட்" என்று ஒரே கட்டளையாகக் கொடுத்திருக்கிறார்கள். பத்து நிமிடத்துக்குள் நீங்கள் மறுபடி உறுதி செய்யாவிட்டால் அதுவே பழைய நிலைக்குத் திரும்பும்.

சேமித்தும் நிற்கவில்லையா? 2142 என்று இருக்கிறதா பாருங்கள்

புதியவர்களைத் தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கிற விவகாரம் இது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து பழைய சிஸ்கோ ரவுட்டர் வாங்கி வருவார்கள். கான்ஃபிக் போடுவீர்கள், சேமிப்பீர்கள், ஓகே வரும். "ஷோ ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்" அடித்தால் எல்லாம் அச்சுப்பிசகாமல் இருக்கும். மறுதொடக்கம் செய்தால் ரவுட்டர் ஒன்றுமே தெரியாத மாதிரி "ஆரம்ப அமைப்பைச் செய்யலாமா" என்று கேட்டு நிற்கும்.

காரணம் கான்ஃபிகரேஷன் ரெஜிஸ்டர் என்கிற ஒரு எண். "ஷோ வெர்ஷன்" அடித்தால் கடைசி வரியில் அது தெரியும். ரவுட்டரில் வழக்கமான மதிப்பு 0எக்ஸ்2102. பாஸ்வேர்டு மறந்துபோன ரவுட்டரைத் திறக்க அதை 0எக்ஸ்2142 என்று மாற்றுவார்கள். இந்த மதிப்பு இருந்தால் ரவுட்டர் எழும்போது ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்கைத் திரும்பிப் பார்க்காது. அதனால் பாஸ்வேர்டும் கேட்காது. பழைய பாஸ்வேர்டை உடைத்த ஆள் எண்ணைத் திருப்பி வைக்காமல் விற்றுவிட்டால் அந்தத் தலைவலி உங்கள் கைக்கு வரும்.

சரிசெய்வது எளிது, ஆனால் வரிசை முக்கியம். இப்போது ரவுட்டர் வெறுமையாக எழுந்து நிற்கிறது. உங்கள் நல்ல கான்ஃபிக் என்விராமில் பத்திரமாக இருக்கிறது. இந்த நிலையில் பழக்கதோஷத்தில் ரன்னிங்கை ஸ்டார்ட்அப்பில் காப்பி செய்தால் வெறுமையை நல்லதன் மேல் எழுதிவிடுவீர்கள். ஆகவே முதலில் திசையை மாற்றி "காப்பி ஸ்டார்ட்அப்-கான்ஃபிக் ரன்னிங்-கான்ஃபிக்" அடியுங்கள். கான்ஃபிக் ராமுக்குள் வந்துவிடும். ஆனால் இன்டர்ஃபேஸ்கள் அணைந்தே கிடக்கும், ஏனென்றால் "நோ ஷட்டவுன்" என்ற வரி கான்ஃபிக்கில் எழுதப்படுவதில்லை. தேவையான ஒவ்வொரு இன்டர்ஃபேஸுக்குள்ளும் போய் "நோ ஷட்டவுன்" கொடுங்கள். பிறகு "கான்ஃபிகர் டெர்மினல்", "கான்ஃபிக்-ரெஜிஸ்டர் 0எக்ஸ்2102", "எண்ட்". இப்போது ரன்னிங்கை ஸ்டார்ட்அப்புக்குக் காப்பி செய்யுங்கள். "ஷோ வெர்ஷன்" மறுபடி அடித்தால் இப்போதைய மதிப்பு 2142, அடுத்த ரீலோடில் 2102 ஆகும் என்று காட்டும். அதைப் பார்த்தபின் ரீலோட் செய்யுங்கள்.

கேட்டலிஸ்ட் 2960 போன்ற ஸ்விட்சுகளில் பாஸ்வேர்டு உடைப்பது முன்பக்கத்து மோட் பட்டனை வைத்து; அதனால் இந்த 2142 தொல்லை ரவுட்டரோடு நின்றுவிடும்.

ஸ்விட்சில் விலான் மட்டும் காணாமல் போவது

ஷூ கம்பெனி ஒன்றில் அலுவலகத்துக்கு ஒரு விலான், கேமராவுக்கு ஒரு விலான், தைக்கிற பிரிவுக்கு ஒன்று என்று பிரித்து வைத்திருக்கிறீர்கள். (ஒரே ஸ்விட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிப்பதுதான் விலான்.) ஸ்விட்ச் பழுதாகிறது. சேமித்து வைத்திருந்த கான்ஃபிக்கை அப்படியே அதே மாடல் புது ஸ்விட்சில் ஏற்றுகிறீர்கள். ஒரு போர்ட்டும் வேலை செய்யாது.

ஸ்விட்சுகள் விலான் பட்டியலைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் முறை விடிபி. கேட்டலிஸ்ட் ஸ்விட்சுகள் தொடக்கத்தில் விடிபி சர்வர் நிலையில் வரும். அந்த நிலையில் விலான் பட்டியல் ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்கில் இருக்காது. ஃபிளாஷில் விலான்.டேட் என்ற தனிக் கோப்பில் இருக்கும். போர்ட் 10 விலான் 20-ஐச் சேர்ந்தது என்ற வரி கான்ஃபிக்கில் வரும், விலான் 20 என்று ஒன்று இருப்பது வராது. "விடிபி மோட் டிரான்ஸ்பரன்ட்" என்று மாற்றிவிட்டால் விலான் வரிகள் கான்ஃபிக்கிலும் வரத் தொடங்கும். இரண்டு மூன்று ஸ்விட்ச் உள்ள சின்ன இடங்களுக்கு அதுதான் நல்லது என்பது என் கட்சி. வேறொரு இடத்தில் ஓடிய பழைய ஸ்விட்சை விடிபி சர்வராகவே உங்கள் நெட்வொர்க்கில் சொருகினால், அதன் திருத்த எண் கூடுதலாக இருந்து, டொமைன் பெயரும் பொருந்திவிட்டால், உங்கள் விலான் பட்டியலையே துடைத்துவிடும். பழைய ஸ்விட்சைச் சுத்தம் செய்யும்போது "ரைட் எரேஸ்" மட்டும் போதாது, விலான்.டேட் கோப்பையும் "டெலீட்" கொடுத்து அழிக்க வேண்டும்.

நெட்வொர்க்கிலிருந்தே கான்ஃபிக் எடுக்க வைப்பது

ஒரே மாதிரி இருபது ஸ்விட்ச் போட வேண்டிய வேலை வந்தால் ஒவ்வொன்றாகக் கன்சோலில் உட்கார்ந்து அடிக்க முடியாது. வெறும் ஸ்விட்ச் எழுந்ததும் டிஹெச்சிபி வழியாக ஒரு முகவரி வாங்கும்; அதோடு கான்ஃபிக் எங்கே கிடைக்கும் என்ற தகவலும் வந்தால் டிஎஃப்டிபி வழியாக அந்தக் கோப்பை இழுத்துக்கொள்ளும். ஆட்டோஇன்ஸ்டால் என்பது இதுதான்.

லேப்டாப்பையும் புது ஸ்விட்சையும் தனியாக ஒரு மேசையில் வையுங்கள். ஓடுகிற லாட்ஜ் நெட்வொர்க்கிலோ கம்பெனி நெட்வொர்க்கிலோ இதைச் செய்யாதீர்கள். உங்கள் லேப்டாப் டிஹெச்சிபி சர்வராகிவிடும், ஏற்கெனவே உள்ள ரவுட்டரும் முகவரி கொடுத்துக்கொண்டிருக்கும், ரூமில் இருக்கிறவர்களின் போன் எல்லாம் தப்பான முகவரி வாங்கிக்கொண்டு முழிக்கும்.

லேப்டாப்புக்கு 192.168.10.5 என்று நிலையான முகவரி கொடுங்கள், மாஸ்க் 255.255.255.0. டிஎஃப்டிபிடி64 என்ற இலவச மென்பொருளில் டிஎஃப்டிபி, டிஹெச்சிபி இரண்டுமே இருக்கின்றன. முகவரிகள் 192.168.10.50-லிருந்து தொடங்கட்டும். டிஹெச்சிபி ஆப்ஷன் 66-இலோ, சிஸ்கோவுக்கே உரிய 150-இலோ லேப்டாப்பின் முகவரியைக் கொடுங்கள். ஆப்ஷன் 67-இல் கோப்பின் பெயர். கான்ஃபிக் கோப்பை நோட்பேடில் எழுதலாம்: ஹோஸ்ட்நேம், விலான்கள், போர்ட்கள், நிர்வாக முகவரி, பாஸ்வேர்டு, கடைசி வரியில் எண்ட். நோட்பேட் உங்களைக் கேட்காமல் பெயருக்குப் பின்னால் டாட் டிஎக்ஸ்டி ஒட்டிவிடும். விண்டோஸ் அதை மறைத்தும் வைத்திருக்கும். கோப்பு கிடைக்கவில்லை என்று வந்தால் முதலில் இதைப் பாருங்கள். இரண்டாவது சந்தேகம் விண்டோஸ் ஃபயர்வால். டிஎஃப்டிபி யுடிபி 69-இல் ஓடுகிறது, அதைத் திறந்துவிட வேண்டும். லினக்ஸ் சர்வர் என்றால் கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசமும் உண்டு.

ஸ்விட்சை ஆன் செய்துவிட்டுக் கன்சோலில் எதையும் தட்டாதீர்கள். ஆரம்பக் கேள்வி வந்ததும் கை பரபரக்கும், என்டர் தட்டினால் ஆட்டோஇன்ஸ்டால் நின்றுபோகும். கோப்பு இறங்கி ஹோஸ்ட்நேம் மாறியதும் வேலை முடிந்தது என்று ஸ்விட்சைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். இங்கேதான் தப்பு நடக்கிறது. நெட்வொர்க்கிலிருந்து வந்தது ரன்னிங்-கான்ஃபிக்கில்தான் இறங்கியிருக்கிறது. உள்ளே போய்ச் சரிபார்த்து, சேமித்தால்தான் அது ஸ்விட்சோடு தங்கும்.

ஒவ்வொரு முறை எழும்போதும் சர்வரிலிருந்து கான்ஃபிக் எடுக்கச் சொல்வதற்கும் வழி இருக்கிறது. "பூட் நெட்வொர்க்" என்று கோப்பின் டிஎஃப்டிபி முகவரியைக் கொடுத்து, "சர்வீஸ் கான்ஃபிக்" என்ற வரியைப் போட்டுச் சேமித்தால் சாதனம் முதலில் தன் என்விராம் கான்ஃபிக்கை எடுத்துக்கொண்டு, பிறகு சர்வரில் உள்ளதை அதன்மேல் சேர்த்துக்கொள்ளும். பழையதை நீக்கிவிட்டுப் புதியதைப் போடாது, இருப்பதோடு கலக்கும். பெரிய கல்லூரி வளாகத்தில், நாள் முழுக்க ஓடுகிற சர்வர் இருந்தால் யோசிக்கலாம். லாட்ஜுக்கு வேண்டவே வேண்டாம். கரண்ட் வந்ததும் ஸ்விட்ச் எழுந்துவிடும். ரிசப்ஷன் கம்ப்யூட்டரை யாராவது பட்டனை அமுக்கினால்தான் எழும். சர்வர் கிடைக்காத சாதனம் கோப்பைக் கேட்டு, டைம்ட் அவுட் என்று கன்சோலில் புலம்பிக்கொண்டே இருக்கும். இந்தப் புலம்பலை ஏதாவது பழைய ரவுட்டரில் பார்த்தால் "நோ சர்வீஸ் கான்ஃபிக்" கொடுத்துச் சேமியுங்கள், அடங்கிவிடும்.

டிஎஃப்டிபியில் பாஸ்வேர்டே கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கான்ஃபிக் கோப்பில் பாஸ்வேர்டுகள் இருக்கின்றன. டைப் 7 என்று குழப்பி எழுதியிருப்பதை நொடியில் பிரித்துவிடலாம். "எனேபிள் சீக்ரெட்" பயன்படுத்துங்கள், வேலை முடிந்ததும் டிஎஃப்டிபியை மூடிவிடுங்கள்.

மைக்ரோடிக்

லாட்ஜ்களில் ஹாட்ஸ்பாட் லாகின் பக்கத்துக்காக மைக்ரோடிக் ரவுட்டர் போடுவது வழக்கம். சிஸ்கோவிலிருந்து வருகிறவர்கள் சேவ் பட்டன் எங்கே என்று தேடுவார்கள். கிடையாது. அப்ளை, ஓகே கொடுத்த கணமே நிரந்தரம். ஆகவே இங்கே ஆபத்து எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது: தப்பும் உடனே நிரந்தரமாகிவிடும், கரண்டைப் பிடுங்கினாலும் போகாது. அதற்குத்தான் வின்பாக்ஸ் என்ற அதன் நிர்வாக மென்பொருளில் சேஃப் மோட் பட்டன். அதை அழுத்திவிட்டு வேலை செய்யுங்கள். நடுவில் தொடர்பு அறுந்தால் சில நிமிடங்களில் மாற்றங்கள் எல்லாம் தானாகத் திரும்பிவிடும். வேலை முடிந்ததும் பட்டனை மறுபடி அழுத்தி விடுவித்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும்.

பேக்கப்பில் இரண்டு வகை. "சிஸ்டம் பேக்கப் சேவ்" தருவது மனிதர் படிக்க முடியாத கோப்பு. அதே சாதனத்தில் திருப்பி ஏற்றத்தான் நல்லது. "எக்ஸ்போர்ட் ஃபைல்" தருவது எழுத்து வடிவம். திறந்து படிக்கலாம், வேறு மாடலுக்கும் திருத்தி ஏற்றலாம். ஆனால் உள்ளே நுழைகிற பயனர்களின் பாஸ்வேர்டு அதில் வராது. மைக்ரோடிக்கின் இயங்குதளமான ரவுட்டர்ஓஎஸ் 7-இல் பிபிபிஓஇ (நெட் இணைப்புக்கான லாகின்), வைஃபை பாஸ்வேர்டுகளும் நீங்கள் "ஷோ-சென்சிடிவ்" என்று சேர்த்துக் கேட்டால்தான் வரும். இரண்டையும் எடுத்து வையுங்கள். இன்னொரு பொறி: கோப்புப் பட்டியலில் ஃபிளாஷ் என்ற அடைவு தெரிகிற சின்ன மாடல்களில், அந்த அடைவுக்கு வெளியே இருக்கிற கோப்புகள் ராமில் இருப்பவை. நீங்கள் அழகாக வடிவமைத்த லாகின் பக்கத்தை வெளியே வைத்தால் அடுத்த கரண்ட் கட்டில் காணாமல் போகும். ஃபிளாஷுக்குள் வைத்து, ஹாட்ஸ்பாட் அமைப்பிலும் அந்தப் பாதையையே கொடுங்கள்.

எழுந்ததும் ஒரு கட்டளை ஓட வேண்டுமென்றால் சிஸ்டம், ஷெட்யூலரில் தொடக்க நேரத்தில் மணிக்குப் பதில் "ஸ்டார்ட்அப்" என்று போடலாம். முதல் வரியில் முப்பது நொடி டிலே வைத்துக்கொள்ளுங்கள். வெளி இணைப்பு எழும் முன்பே ஸ்கிரிப்ட் ஓடி முடிந்தால் பயனில்லை.

மற்றவை, சுருக்கமாக

டிபி-லிங்க், டி-லிங்க் ஸ்மார்ட் ஸ்விட்சுகளின் வெப் பக்கத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் அப்ளை இருக்கும். நிரந்தரச் சேமிப்புக்குத் தனியாக இன்னொரு சேவ் மேல்மூலையிலோ மெனுவிலோ இருக்கும். அப்ளை கொடுத்தால் வேலை செய்யத் தொடங்கிவிடுவதால் யாருக்கும் சந்தேகமே வராது. சிஸ்கோவைவிட இவற்றில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள்.

ஓபன்டபிள்யூஆர்டி என்ற லினக்ஸ் அடிப்படையிலான ரவுட்டர் மென்பொருளில் "யுசிஐ செட்" கொடுத்தது தற்காலிக இடத்தில் காத்திருக்கும். "யுசிஐ கமிட்" கொடுத்தால்தான் ஈடிசி அடைவின் கான்ஃபிக் பகுதியில் எழுதப்படும். டிஎம்பி அடைவு முழுக்க ராம். அங்கே எதையும் வைக்காதீர்கள். தொடக்கத்தில் ஓட வேண்டிய சொந்தக் கட்டளைகளை ஆர்சி.லோக்கல் கோப்பில் "எக்ஸிட் 0" வரிக்கு மேலே எழுத வேண்டும். கீழே எழுதினால் அது ஓடாது.

லினக்ஸ் கணினியையே ரவுட்டராக வைத்திருக்கிறீர்களா? "ஐபி அட்ரெஸ் ஆட்" கொடுத்த முகவரி மறுதொடக்கத்தில் போய்விடும். உபுண்டுவில் நெட்பிளான் கோப்பில் எழுதி "நெட்பிளான் ட்ரை" கொடுங்கள்; 120 நொடியில் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். ஐபி ஃபார்வர்டிங்கை சிஸ்சிடிஎல் (sysctl) கோப்பில் எழுத வேண்டும். ஐபிடேபிள்ஸ் ஃபயர்வால் விதிகளைத் தனியாகச் சேமிக்க வேண்டும். மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் கணினி எழும், நெட் மட்டும் வராது.

வயரைப் பிடுங்குவது

நேரம் பார்த்துச் செய்ய வேண்டும். லாட்ஜில் தங்கியிருப்பவர்கள் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வைத்தியத்துக்கு வந்தவர்கள். சாயங்காலம் ஊரில் உள்ளவர்களோடு வீடியோ காலில் இருப்பார்கள். காலையில் எல்லோரும் ஓபிக்குக் கிளம்பிப் போனபின் லாட்ஜ் காலியாகும். அதுதான் நேரம். தோல் தொழிற்சாலையில் சாப்பாட்டு இடைவேளை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் என்றால் வெள்ளிக்கிழமை ஜும்மா நேரம். மேனேஜரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

மென்பொருள் வழியாக ரீபூட் கொடுத்துப் பார்ப்பது போதாது. சிஸ்கோவில் ரீலோட் கொடுத்தால் "மாற்றம் இருக்கிறது, சேமிக்கவா" என்று அதுவே கேட்டு உங்களைக் காப்பாற்றிவிடும். ஈபி கரண்ட் போகும்போது யாரும் கேட்கப்போவதில்லை. அதனால் யுபிஎஸ்ஸையும் சேர்த்து அணைத்து, ஒரு நிமிடம் விட்டு, மெயினிலிருந்தே எல்லாவற்றையும் ஒன்றாக ஆன் செய்யுங்கள். தனித்தனியாக எழுப்பினால் தெரியாத கோளாறு ஒன்றாக எழுப்பினால் தெரியும்.

உதாரணத்துக்கு, கேமராவும் பிரிண்டரும் சீக்கிரம் எழுந்து முகவரி கேட்கும். ஸ்விட்சின் போர்ட்டோ, லூப் ஆகாமல் தடுக்கிற ஸ்பேனிங்-ட்ரீ விதிப்படி கேட்பதற்கு 15 நொடி, கற்பதற்கு 15 நொடி என்று அரை நிமிடம் வாயை மூடிக்கொண்டிருக்கும். அதற்குள் சில கருவிகள் அலுத்துப்போய் 169.254 என்று தொடங்குகிற முகவரியைத் தாங்களே வைத்துக்கொள்ளும். கான்ஃபிக் நன்றாகவே ஏறியிருக்கும், ஆனால் கேமரா தெரியாது. கருவிகள் மட்டும் இணைகிற போர்ட்களில் "ஸ்பேனிங்-ட்ரீ போர்ட்ஃபாஸ்ட்" கொடுத்தால் தீரும். இன்னொரு ஸ்விட்சுக்குப் போகிற போர்ட்டில் கொடுக்கக் கூடாது. லூப் ஆனால் மொத்தமும் திணறும்.

கடிகாரத்தையும் பாருங்கள். உள்ளே பேட்டரி இல்லாத சின்ன ரவுட்டர்கள் எழும்போது தப்பான தேதியோடு எழும். என்டிபி கிளையன்ட் (நெட்டிலிருந்து நேரத்தை எடுப்பது) அமைத்திருந்தால் இணைப்பு வந்ததும் சரியாகும். லாட்ஜில் யார் எப்போது இணைந்தார்கள் என்ற பதிவை யாராவது கேட்டால், தேதி தப்பான பதிவு ஒன்றுக்கும் உதவாது.

எல்லாம் எழுந்தபின் மொபைலில் வைஃபை பிடித்து ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள், ஒவ்வொரு விலானிலும் ஒரு கருவி முகவரி வாங்கியிருக்கிறதா என்று பாருங்கள், வெளியிலிருந்து உள்ளே வர வைத்திருந்த வழி இருந்தால் மொபைல் டேட்டாவில் அதையும் சோதியுங்கள். சாதனம் எழுகிறது, சற்று நேரத்தில் மறுபடி விழுகிறது என்றால் கான்ஃபிக்கைக் குறை சொல்லும் முன் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். கத்திரி வெயிலில் தகரக் கூரைக்கடியில் இருக்கும் அடாப்டர்கள் பலவீனமாகி, சுமை ஏறியதும் வோல்டேஜைக் கைவிடும். பார்ப்பதற்குக் கான்ஃபிக் கோளாறு மாதிரியே இருக்கும்.

கடைசியாகக் கான்ஃபிக்கின் பிரதியை லேப்டாப்பில் எடுத்து, தேதியையும் இடத்தையும் கோப்பின் பெயரிலேயே போடுங்கள். ஒரு பிரதியைப் பென் டிரைவில் போட்டு உறையில் வைத்து உரிமையாளரின் மேசை டிராயரில் கொடுத்துவிடுங்கள். பாஸ்வேர்டுகள் உள்ள கோப்பு என்று வாயாலும் சொல்லுங்கள். ரேக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டி, எந்தச் சாதனத்தின் முகவரி என்ன, கடைசியாக எப்போது சேமித்தது, எப்போது வயரைப் பிடுங்கிச் சோதித்தது என்று மட்டும் எழுதுங்கள். பாஸ்வேர்டை அந்தத் தாளில் எழுதாதீர்கள்.